ஹெச்பி சொல்லி ஸ்டார்டர் வாங்காதீங்க: சின்ன மோட்டாருக்கு சரியான ஸ்டார்டர் எடுக்க முழுமையான வழிகாட்டி

கடைல வந்து நின்னு "அண்ணா, அஞ்சு ஹெச்பி ஸ்டார்டர் ஒன்னு குடுங்க"ன்னு கேக்கறாங்க, கடைக்காரரும் அலமாரில இருந்து ஒன்ன எடுத்து தூசி தட்டி குடுத்துடறாரு, ரெண்டு பேருமே மோட்டார் மேல விவரம் போட்டிருக்கற தகட்ட பாக்கல. ஆறு மாசம் கழிச்சு உள்ள சுத்தியிருக்கற காயில் எரிஞ்சு போய் அந்த மோட்டாரு எங்கிட்ட வருது. பாலக்கோடு பக்கம் மோட்டார் வேலை பாக்குறேன், இத எத்தனை தடவ பாத்திருக்கேன்னு எனக்கே கணக்கு இல்ல, ஒவ்வொரு தடவையும் மனசு கஷ்டமாதான் இருக்கும்.

ஏன்னா நம்ம தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் போர் எல்லாம் 800 அடி, 1000 அடின்னு போயிட்டுது. மோட்டார் எரிஞ்சா காயில் கட்டற காசு மட்டும் இல்ல, பைப்ப தூக்கற வண்டிக்கு காசு, எறக்க காசு, நடுவுல ஒரு வாரம் தண்ணி இல்லாம தக்காளி செடி தல சாஞ்சிடும். இத்தனையும் ஒரு ஸ்டார்டர தப்பா எடுத்ததால வர்ற நஷ்டம். அதனால தெரிஞ்சத முழுசா எழுதிடறேன், பொறுமையா படிங்க.

மொதல்ல, ஸ்டார்டர் எதுக்கு

நெறைய பேரு ஸ்டார்டர்ன்னா பச்ச பட்டன் செவப்பு பட்டன் இருக்கற பெரிய சுவிட்சுன்னு நெனைக்கறாங்க. சுவிட்ச் வேலைய செய்யறது உள்ள இருக்கற காண்டாக்டர். அதுக்கு ஒரு காயில் இருக்கு, நோ வோல்ட் காயில்னு சொல்லுவோம், கரண்ட் போனா அது விட்டுடும், திரும்ப கரண்ட் வந்தா தானா எடுக்காது, நீங்க போய் பட்டன அமுக்கணும். ரெண்டாவது ஓவர்லோடு ரிலே, மோட்டார் அளவுக்கு மேல ஆம்பியர் இழுத்தா சூடாகி தட்டி விடும். இந்த ரெண்டும் சேர்ந்ததுதான் ஸ்டார்டர்.

ஒயர் ஒன்னோட ஒன்னு ஒட்டி ஷார்ட் ஆனா காப்பாத்தறது ஸ்டார்டர் வேலை இல்லங்க, அதுக்கு முன்னாடி பியூசோ எம்சிபியோ (ஷார்ட் ஆனா தானா விழற சுவிட்ச்) தனியா இருக்கணும். கிட்காட்ல, அதாவது பீங்கான் பியூஸ் கட்டைல, செப்பு கம்பிய நாலா முறுக்கி போட்டுட்டு "ஸ்டார்டர் இருக்குல்ல"ன்னு சொல்றவங்களுக்காக இத சொல்றேன். கம்பிய தூக்கி போட்டுட்டு ஹெச்ஆர்சி பியூஸ் போடுங்க, மோட்டார் ஆம்பியர்ல ஏறக்குறைய ரெண்டு மடங்கு அளவுல போட்டா ஸ்டார்ட் ஆகும்போது போகாது, ஷார்ட் ஆனா எரிஞ்சு கரண்ட நிறுத்திடும்.

படி 1: தகட்ட படிங்க, படம் எடுத்து வைங்க

மோட்டார போருக்குள்ள எறக்கறதுக்கு முன்னாடியே தகட்ட செல்போன்ல ஒரு படம் எடுத்து வெச்சுக்கோங்க. எறக்கிட்டா அப்பறம் யாராலயும் பாக்க முடியாது. அதுல வேணுங்கறது நாலு விசயம்: எத்தனை பேஸ், எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர், உள்ள காயில சேர்த்த விதம் ஸ்டாரா டெல்டாவா. ஹெச்பி அஞ்சாவதுதான்.

ஒரே 5 ஹெச்பிதான், ஆனா மேல வெக்கற மோனோபிளாக் 7.5 ஆம்பியர் போட்டிருக்கும், போர்ல எறக்கற சப்மெர்சிபிள் 9.5, 10ன்னு போட்டிருக்கும். போர் மோட்டார் ஒல்லியா நீளமா இருக்கறதால அதே ஹெச்பிக்கு கொஞ்சம் கூடதான் இழுக்கும். ஹெச்பி சொல்லி வாங்கினா இந்த வித்தியாசம் யாருக்கும் தெரியாது, ரிலே தப்பா வந்துடும்.

தகடு போயிடுச்சு, பழைய மோட்டாருன்னா ஒரு உத்தேச கணக்கு சொல்றேன். 415 வோல்ட் த்ரீ பேஸ்ல 1 ஹெச்பிக்கு 2 ஆம்பியர் சுமாரு, 3 ஹெச்பிக்கு 5, 5 ஹெச்பிக்கு 7.5ல இருந்து 8, 7.5 ஹெச்பிக்கு 11, 10 ஹெச்பிக்கு 15. போர் மோட்டாருக்கு இதுக்கு மேல கொஞ்சம் வரும். சிங்கிள் பேஸ்ல 1 ஹெச்பிக்கு 7 ஆம்பியர் பக்கம். இது கை கணக்குதான், தகடு இருந்தா தகடு சொல்றதுதான் கணக்கு.

படி 2: சிங்கிள் பேஸ் மோட்டாரா இருந்தா

வீட்டு போர், கிணத்து மோட்டார், அரை ஹெச்பி ஒரு ஹெச்பி எல்லாம் இந்த வகை. மேல வெக்கற சின்ன மோனோபிளாக்ல கண்டன்சர் மோட்டார் மேலயே இருக்கும், அதுக்கு ஓவர்லோடோட ஒரு சிங்கிள் பேஸ் டிஓஎல் ஸ்டார்டர் (நேரா முழு வோல்டேஜ் குடுக்கறது) போதும். ரெண்டு ஒயரயும் வெட்டற வெறும் டிபி சுவிட்ச்ல ஓட்டாதீங்க.

போர் மோட்டாருக்கு அது ஆகாது. உள்ள இருந்து மூணு ஒயர் வரும், ரன், ஸ்டார்ட், காமன். இதுக்கு கண்ட்ரோல் பேனல்னு தனியா வாங்கணும், உள்ள ஸ்டார்ட் கண்டன்சர், ரன் கண்டன்சர், ஓவர்லோடு எல்லாம் இருக்கும். இங்கதான் தப்பு நடக்குது. பழைய பேனல் சும்மா கெடக்குதுன்னு அத எடுத்து புது மோட்டாருக்கு மாட்டுவாங்க. கண்டன்சர் அளவு மோட்டாருக்கு மோட்டார் மாறும், மைக்ரோபேரட் எத்தனைன்னு மோட்டார் கம்பெனி அட்டைல போட்டிருக்கும், அதே அளவுதான் போடணும். அளவு மாறினா ஸ்டார்ட் காயில் சூடாகி போயிடும்.

ஒயர் கலர நம்பாதீங்க, நடுவுல எவராவது ஜாயிண்ட் போட்டு கலர மாத்தியிருப்பாங்க. மெயின ஆப் பண்ணிட்டு மல்டிமீட்டர்ல ஓம்ஸ் வெச்சு பாருங்க. எந்த ரெண்டு ஒயருக்கு நடுவுல ஓம்ஸ் அதிகமா காட்டுதோ அது ரன்னும் ஸ்டார்ட்டும், மிச்சம் இருக்கற ஒயரு காமன். காமன்ல இருந்து கம்மி ஓம்ஸ் காட்டறது ரன், கூட காட்டறது ஸ்டார்ட். ரெண்டு நிமிச வேல.

படி 3: த்ரீ பேஸ்னா டிஓஎல்லா, ஸ்டார் டெல்டாவா

இதுல கொஞ்சம் நேரம் எடுத்துக்கறேன், ஏன்னா குழப்பம் எல்லாம் இங்கதான்.

டிஓஎல்னா பட்டன அமுக்கின ஒடனே முழு வோல்டேஜும் மோட்டாருக்கு போயிடும். அந்த நேரத்துல மோட்டார் தன்னோட ஓடற ஆம்பியர்ல 6, 7 மடங்கு இழுக்கும், சுத்து பிடிச்சதும் கொறஞ்சிடும். ஸ்டார் டெல்டால மொதல்ல காயில ஸ்டாரா சேர்த்து, சுத்து பிடிச்சப்பறம் டெல்டாக்கு மாத்தும். ஸ்டார்ல லைன்ல இழுக்கற கரண்ட் மூணுல ஒரு பங்குதான், ஆனா மோட்டாரோட இழுவையும், அதாவது சுத்தற பலமும், மூணுல ஒரு பங்குதான்.

இந்த 6 மடங்கு எவ்வளவு பெருசுன்னு ஒரு கணக்கு போட்டு பாருங்க. ஊர்ல இருக்கற 63 கேவிஏ டிரான்ஸ்பார்மரோட முழு கரண்ட் ஒரு பேஸுக்கு 85 ஆம்பியர் பக்கம்தான். 15 ஆம்பியர் ஓடற 10 ஹெச்பி மோட்டார டிஓஎல்ல எடுத்தா அந்த ஒரு நொடிக்கு 90 ஆம்பியர் இழுக்குது. அக்கம் பக்கத்து மோட்டார் காண்டாக்டர் எல்லாம் கடகடன்னு ஆடறது இதனாலதான்.

அதனால 5 ஹெச்பி வரைக்கும் டிஓஎல் தாராளமா போடலாம், 7.5 வந்தா உங்க லைன் எப்படி, டிரான்ஸ்பார்மர் எவ்வளவு தூரம்னு பாத்து முடிவு பண்ணுங்க, 10க்கு நான் ஸ்டார் டெல்டாதான் போடுவேன். ஆனா முடிவு பண்றதுக்கு முன்னாடி ரெண்டு விசயம் கட்டாயம் பாக்கணும்.

ஒன்னு, மோட்டார்ல இருந்து எத்தனை ஒயர் வெளிய வருது. ஸ்டார் டெல்டாவுக்கு ஆறு ஒயர் வேணும், போர் மோட்டார்னா மூணு கோர் கேபிள் ரெண்டு எறங்கும். மூணே ஒயர்தான் வருதுன்னா உள்ளயே முடிச்சு போட்டுட்டாங்க, அதுக்கு ஸ்டார் டெல்டா ஸ்டார்டர் வாங்கினா காசு வேஸ்ட்டு.

ரெண்டாவது இத விட முக்கியம். தகட்டுல 415 வோல்ட்டுக்கு டெல்டான்னு இருந்தாதான் ஸ்டார் டெல்டா ஸ்டார்டர் ஆகும். சின்ன மோட்டார் நெறைய 415க்கு ஸ்டார்ன்னே கட்டியிருப்பாங்க, ஆறு ஒயர் வெளிய இருக்குதேன்னு நெனச்சு அத ஸ்டார் டெல்டால மாட்டினா டெல்டாக்கு மாறின ஒடனே ஒவ்வொரு காயிலுக்கும் தாங்கக்கூடியத விட 1.73 மடங்கு வோல்டேஜ் போயிடும். அப்பறம் புகைதான்.

லோடு எப்படின்னும் பாக்கணும். மாவு மில்லு, தீவனம் வெட்டற மிஷின் எல்லாம் ஸ்டார்ல எடுக்கும்போது காலியா இருக்கணும், ராகிய கொட்டி வெச்சுட்டு பட்டன அமுக்கினா ஸ்டார்ல தூக்கவே தூக்காது, அப்படியே டெல்டாக்கு தாவும்போது பெரிய ஒதறல் குடுக்கும். சுத்து பிடிச்சப்பறம் கொட்டுங்க. காத்து கம்ப்ரசருக்கு பிரசர் சுவிட்ச் வழியாவே மோட்டார் கரண்ட விடாதீங்க, த்ரீ பேஸா இருந்தா அந்த சுவிட்ச நோ வோல்ட் காயில் லைன்ல கொடுங்க, மோட்டார் கரண்ட காண்டாக்டர் தாங்கட்டும்.

போர் மோட்டார ஸ்டார்ல ரொம்ப நேரம் விடக்கூடாது. அது ஒரு நொடி ரெண்டு நொடில சுத்து பிடிச்சிடும், டைமர 3 நொடிக்குள்ள வெச்சா போதும். பத்து நொடின்னு வெச்சு விட்டா பாதி இழுவைல கெடந்து சூடாகும்.

படி 4: ரிலே, ஸ்டார்டரோட உயிர் இங்கதான்

ஓவர்லோடு ரிலேல ஒரு சின்ன டயல் இருக்கும், 6–10, 9–14ன்னு ரேஞ்ச் போட்டிருக்கும். தகடு 9.5 ஆம்பியர்னா எந்த ரேஞ்ச் எடுப்பீங்க? நெறைய பேரு 9–14 எடுப்பாங்க, கூட இருந்தா நல்லதுன்னு. நான் 6–10 எடுப்பேன். மோட்டார் ஓடும்போது நெசமா 8.5தான் இழுக்குதுன்னா 6–10ல 9க்கு கீழ எறக்கி வைக்க எடம் இருக்கு, 9–14ல கீழ எறங்க வழியே இல்ல, மேல ஏத்தறதுக்குதான் எடம் இருக்கு, அந்த எடத்த யாராவது ஒரு நாள் கட்டாயம் உபயோகிப்பாங்க. ரிலே அடிக்கடி தட்டுதுன்னா டயல ஏத்தறது வேல இல்ல, ஏன் தட்டுதுன்னு தேடறதுதான் வேல.

தட்டற வேகத்துக்கும் கிளாஸ்னு ஒன்னு இருக்கு. போர் மோட்டாருக்கு கிளாஸ் 10 கேட்டு வாங்குங்க, 20, 30ன்னு போட்டது வேண்டாம். மோட்டார் ஜாம் ஆச்சுன்னா 10 நொடிக்குள்ள விட்டுடணும், அதுக்கு மேல அந்த ஒல்லி காயில் தாங்காது.

இப்ப ஸ்டார் டெல்டால இருக்கற பெரிய குழி. அந்த ஸ்டார்டர்ல ரிலே பெரும்பாலும் காயிலுக்கு போற ஒயர்ல இருக்கும், லைன்ல இல்ல. அங்க ஓடறது லைன் கரண்டுல 58 சதவீதம்தான். தகடு 15ன்னா ரிலேவ 8.7ல வைக்கணும். நான் வேலைக்கு வந்த புதுசுல இது தெரியாம ஒரு 10 ஹெச்பி மோட்டாருக்கு தகட்டுல இருக்கற 15அ அப்படியே டயல்ல வெச்சுட்டேன். லைன்ல 26 ஆம்பியர் போனாதான் அது தட்டும், அதுவரைக்கும் மோட்டார் எப்படி இருக்கும்? ரெண்டே மாசத்துல காயில் போச்சு. அவங்க மா தோட்டத்துல புதுசா வெச்ச கன்னுக்கு குடத்துல தண்ணி ஊத்தினாங்க, அத பாத்ததுல இருந்து எந்த ஸ்டார் டெல்டாவ தொறந்தாலும் ரிலே எந்த ஒயர்ல உக்காந்திருக்குன்னு பாத்துட்டுதான் டயல தொடுவேன்.

இன்னொன்னு, கெப்பாசிட்டர (கண்டன்சர்தான்) ரிலேக்கு அப்பறம் மோட்டார் பக்கம் கொடுத்திருந்தா ரிலே பாக்கற ஆம்பியர் கொறையும், அந்த அளவு டயலயும் எறக்கணும்.

படி 5: காண்டாக்டரும் அதோட காயிலும்

காண்டாக்டர் மேல ஆம்பியர் நம்பர் ரெண்டு மூணு போட்டிருக்கும், ஏசி-1, ஏசி-3ன்னு. ஹீட்டர் மாதிரி லோடுக்கு ஏசி-1, மோட்டாருக்கு ஏசி-3. ஏசி-1 பெரிய நம்பரா இருக்கும், அத பாத்து ஏமாறாதீங்க. ஏசி-3 நம்பர் மோட்டார் ஆம்பியர விட ஒரு படி மேல இருந்தா நல்லது, 9.5க்கு 12ஓ 16ஓ எடுங்க. பெட்டி மேல ஐஎஸ்/ஐஇசி 60947-4-1ன்னு இருக்கான்னு பாருங்க, மோட்டார் ஸ்டார்டருக்கு உண்டான தரம் அதுதான். எல் அண்ட் டி ஸ்டார்டர் கேட்டு பழகினவங்க கடைல லாரிட்ஸ் நூட்சன்னு பேர பாத்து குழம்ப வேண்டாம், அந்த மின்சாதன பிரிவ 2020ல ஷ்னைடர் கம்பெனி வாங்கி, 2024ல இந்த பேர மாத்தினாங்க.

காண்டாக்டரோட நோ வோல்ட் காயில் 240 வோல்ட்டா 415 வோல்ட்டான்னு கேட்டு வாங்குங்க. தோட்டத்துக்கு பெரும்பாலும் 415, ரெண்டு பேஸுக்கு நடுவுல நிக்கும், நியூட்ரல் வேண்டாம். சாதாரண காயில் எடுக்க அதோட வோல்டேஜ்ல 85 சதவீதமாவது வேணும், அதாவது 353. நம்ம கடைசி கம்பத்து தோட்டத்துக்கு சில நேரம் 330தான் வரும், காண்டாக்டர் கொர்ருன்னு கத்தும். ஒடனே வைட் பேண்ட் காயில்னு கம்மி வோல்டேஜ்லயும் பிடிக்கறத மாத்திடறாங்க. தப்புன்னு சொல்லல, ஆனா ஒன்ன புரிஞ்சுக்கோங்க: வோல்டேஜ் 80 சதவீதம் ஆச்சுன்னா மோட்டார் இழுவ 64 சதவீதத்துக்கு வந்துடும், ஆம்பியர் ஏறும். சாதாரண காயில் கத்தி உங்களுக்கு சொல்லிட்டிருந்துச்சு, வைட் பேண்ட் சொல்லாது. அத போட்டா ரிலேவ ரொம்ப சரியா வெச்சே ஆகணும்.

கேபிளயும் சேர்த்து பாக்கணும். 1000 அடி போர்ல 14 ஆம்பியர் இழுக்கற மோட்டாருக்கு 4 ஸ்கொயர் எம்எம் காப்பர் கேபிள் போட்டிருந்தா, ஓடும்போதே 25, 30 வோல்ட் கேபிள்லயே போயிடும். மேல மீட்டர்ல 380 காட்டுதேன்னு நிம்மதியா இருப்பீங்க, கீழ மோட்டாருக்கு போறது 350தான். எந்த ஸ்டார்டர் போட்டாலும் இத சரி பண்ண முடியாது, கேபிள்தான் பெருசாக்கணும்.

படி 6: பிரிவெண்டர் இல்லாம த்ரீ பேஸ் மோட்டார் வேண்டாம்

நோ வோல்ட் காயில் ரெண்டு பேஸ்லதான் நிக்குதுன்னு சொன்னேன்ல, அப்ப மூணாவது பேஸ் போச்சுன்னா? காயில் விடாது, பிடிச்சுக்கிட்டே நிக்கும். மோட்டார் ரெண்டு பேஸ்ல உறுமிக்கிட்டே ஓடும், மிச்ச ரெண்டு ஒயர்ல கரண்ட் 1.7 மடங்கு ஏறும். சாதா ஸ்டார்டர் இத தடுக்காதுங்க. அதுக்குதான் சிங்கிள் பேஸ் பிரிவெண்டர்.

இதுல ரெண்டு வகை. வோல்டேஜ பாக்கறது ஒன்னு, கரண்ட பாக்கறது ஒன்னு. ஓடற மோட்டார் போன பேஸ்லயும் தானே கொஞ்சம் வோல்டேஜ் உண்டாக்கும், அத பாத்து வோல்டேஜ் வகை சில நேரம் ஏமாந்துடும். கரண்ட் வகை ஒவ்வொரு ஒயரயும் நேரா அளக்கறதால ஏமாறாது, ஸ்டார்டருக்கும் மோட்டாருக்கும் நடுவுல ஒயர் போனாலும் கண்டுபிடிச்சிடும். கொஞ்சம் காசு கூட, பரவால்ல, கரண்ட் வகையே எடுங்க. அதுலயே தண்ணி இல்லாம ஓடறத தடுக்கற டிரை ரன் வசதியும் வரும், தண்ணி எறங்கினா ஆம்பியர் கொறையும், அத வெச்சு நிறுத்திடும். நம்ம போருக்கு இது ரொம்ப முக்கியம், ஒரு மணி நேரம் ஓடி வத்தி திரும்ப ஊறற போர்தான் இங்க நெறைய.

டூ பேஸ் வர்ற நேரத்துல கண்டன்சர் வெச்சு ஓட்டறதுக்காக பிரிவெண்டர கழட்டி விடறவங்க இருக்காங்க. பயிர் காயுதுன்னா மனுசன் என்ன பண்ணுவான், எனக்கு புரியுது. ஆனா அப்படி ஓட்டியே ஆகணும்னா டூ பேஸுக்கும் த்ரீ பேஸுக்கும் தனித்தனி செட்டிங் இருக்கற பேனல் வாங்குங்க, பாதுகாப்ப மொத்தமா பிடுங்கி போடாதீங்க.

படி 7: ஆட்டோ சுவிட்ச், செல்போன் ஸ்டார்டர்

கரண்ட் வந்தா தானா எடுக்கற ஆட்டோ போட்டா டிலே, அதாவது கொஞ்ச நேரம் கழிச்சு எடுக்கற செட்டிங், கட்டாயம் வைங்க. கரண்ட் போனதும் பைப்புல நிக்கற தண்ணி கீழ எறங்கும், வால்வு ஒழுகினா பம்பு பின்னால சுத்தும், அந்த நேரத்துல திரும்ப எடுத்தா ஷாப்ட்டே முறுக்கிக்கும். ரெண்டு நிமிசமாவது விடுங்க. இன்னொன்னு, ஒரே டிரான்ஸ்பார்மர்ல இருக்கறவங்க பேசி வெச்சு ஆளுக்கு ஒரு நிமிசம் மாத்தி மாத்தி டிலே வெச்சா எல்லா மோட்டாரும் ஒன்னா எடுத்து பியூஸ் போறது நிக்கும். காரிமங்கலம் பக்கம் ஒரு டிரான்ஸ்பார்மர்ல அப்படி வெச்சு குடுத்தேன், லைன்மேன கூப்பிடறதே கொறஞ்சு போச்சு.

செல்போன் ஸ்டார்டர் ராத்திரில தோட்டத்துக்கு போக வேண்டிய வேலைய மிச்சம் பண்ணும், பாம்பு பயம் இல்ல. வேளாண் பொறியியல் துறைல இதுக்கு மானியம் குடுத்திருக்காங்க, வாங்கறதுக்கு முன்னாடி ஆபீஸ்ல இப்ப இருக்கான்னு கேளுங்க, வாங்கிட்டு போய் கேட்டா கெடைக்காது.

படி 8: மாட்டறது

மெயின ஆப் பண்ணி, பியூஸ கழட்டி சட்டைப் பைல வெச்சுக்கிட்டு, டெஸ்டர் வெச்சு மூணு பேஸும் செத்திருக்கான்னு பாத்துட்டுதான் கை வைக்கணும். பழக்கம் இல்லன்னா ஆள கூப்பிடுங்க. பெட்டிய நெஞ்சு உயரத்துல மாட்டுங்க, கேபிள் நுழையற ஓட்டைய எல்லாம் அடைங்க. பல்லி காண்டாக்டர் நடுவுல மாட்டி செத்து, ஒரு பேஸ் சேராம மோட்டார் போனத பாத்திருக்கேன், எறும்பும் குளவியும் கூட அதே வேலைய செய்யும். மழ படற எடம்னா ஐபி 55 போட்ட பெட்டி எடுங்க. எர்த் ஒயர் பெட்டிக்கும் மோட்டாருக்கும் ரெண்டுக்கும் போகணும். ஸ்க்ரூ எல்லாத்தயும் இறுக்கி, ஒரு மாசம் கழிச்சு மெயின ஆப் பண்ணிட்டு இன்னொரு தடவ இறுக்குங்க, ஒயர் அமுங்கி லூசாகியிருக்கும்.

படி 9: ஓட்டி பாத்து எழுதி வைங்க

கிளாம்ப் மீட்டர் கடன் வாங்கியாவது மூணு ஒயர்லயும் ஆம்பியர் பாருங்க. மூணும் கிட்டத்தட்ட ஒன்னா இருக்கணும், ஒன்னு மட்டும் ரொம்ப ஏறி இருந்தா லைன்லயோ காயில்லயோ கோளாறு. ஓடற ஆம்பியருக்கு கொஞ்சம் மேல, தகட்டு நம்பருக்கு மேல போகாம ரிலேவ வைங்க. பிரிவெண்டர் வேல செய்யுதான்னு பாக்க, மெயின ஆப் பண்ணி ஒரு பியூஸ கழட்டிட்டு மெயின போட்டு பட்டன அமுக்குங்க, ஒன்னு எடுக்கவே கூடாது, இல்ல சில நொடில விட்டுடணும். மூணு பேஸுக்கும் ஒவ்வொன்னா பாருங்க.

கடைசியா ஸ்டார்டர் கதவுக்கு உள் பக்கம் மார்க்கர்ல தேதி, வோல்டேஜ், மூணு ஆம்பியர், ரிலே எதுல வெச்சிருக்குன்னு எழுதிடுங்க. அடுத்த சித்திரைல திரும்ப அளந்து பாருங்க. அதே வோல்டேஜ்ல 9 இருந்தது 7க்கு வந்திருந்தா போர்ல தண்ணி எறங்கியிருக்கும், இல்ல பம்பு தேஞ்சிருக்கும். 9 இருந்தது 11க்கு ஏறியிருந்தா கீழ புஷ்ஷோ பேரிங்கோ பிடிக்குது, ரிலே தட்டற வரைக்கும் காத்திருக்காம அப்பவே வண்டிய வரச் சொல்லி மோட்டார தூக்கிடுங்க, பேரிங்கோட செலவு முடிஞ்சிடும்.